ஒரே மூச்சில் பன்னிரண்டு

கால் கட்டைவிரலில்தான் அது தொடங்கியது. வலி இல்லை. வெகுநேரம் சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுந்தால் வருமே, அந்த மரமரப்பு. அன்று காலை ஒரு நோயாளிக்கு உடம்பு துடைத்துவிட்டு, தரையில் இருந்த பேசினை எடுக்கக் குனிந்து உட்கார்ந்தேன். எழுந்திருக்க முடியவில்லை. தொடை இரண்டும் யாருடையதோ போல இருந்தன. கட்டில் கம்பியைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். கூடப் படித்த செல்வி வந்து கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். "இன்னாடி, இப்பவே கெழவி ஆயிட்டியா?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருடங்கள் ஆகியிருந்தன. செங்கல்பட்டில் ஒரு தனியார் நர்சிங் ஹோமில் நர்சிங் அசிஸ்டென்ட் பயிற்சி. அது எனக்கு ஏழாவது மாதம். ஓராண்டு முடிந்தால் பரீட்சை, சான்றிதழ். ஜுரம் பார்ப்பது, நாடி எண்ணுவது, படுக்கையில் ஆள் இருக்கும்போதே விரிப்பை மாற்றுவது, சோறு ஊட்டுவது, புரட்டிப் படுக்க வைப்பது, இவைதான் பாடம். டாக்டரும் நர்சும் வந்து போன பிறகு மிச்சமிருக்கிற நேரமெல்லாம் நோயாளியோடு இருப்பது நாங்கள்தான்.

என் பெயர் ஜரீனா. சொந்த ஊர் கல்பாக்கத்தை ஒட்டிய புதுப்பட்டினம். அத்தாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, பஜாரில் சின்ன எவர்சில்வர் பாத்திரக் கடை. வாங்குகிற பாத்திரத்தில் பெயர் வெட்டிக் கொடுப்பதும் அவரே. நான் பத்தாவது படிக்கும்போது அம்மா இறந்துபோனார். இருபது வயதில் மாமல்லபுரத்தில் கட்டிக் கொடுத்தார்கள். எட்டே மாதத்தில் திரும்பி வந்தேன். அந்தக் கதை இங்கே வேண்டாம். அதற்காக அத்தா என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. ஆனால் இந்தப் பயிற்சிக்கான படிவத்தைக் காட்டியபோது, கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "கண்டவன் பீ மூத்திரம் அள்றதுக்கா ஒன்னப் படிக்க வச்சேன்?" என்று கேட்டார். மறுநாளே படிவத்தை நிரப்பிக் கொடுத்தேன். சேர்ந்துவிட்டேன்.

அன்றிலிருந்து பேச்சு நின்றுபோனது. ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போவேன். தட்டில் சோறு இருக்கும். அவர் கடைக்குக் கிளம்பிப் போயிருப்பார், அல்லது அடுத்த அறையில் ரேடியோ கேட்டுக்கொண்டிருப்பார். ஒரே வீட்டில் இரண்டே பேர் இருந்துகொண்டு பேசாமல் இருப்பது எப்படி என்பதை நாங்கள் இரண்டு பேரும் நன்றாகப் பழகிக்கொண்டோம்.

மரமரப்பு ஏறிக்கொண்டே போனது. மறுநாள் முழங்கால். நர்சிங் ஹோம் டாக்டரிடம் சொன்னேன். சத்துக் குறைவு என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதற்கு அடுத்த நாள் மாடிப்படி ஏற முடியவில்லை. ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினேன். நான்காம் நாள் தெர்மாமீட்டரை உதற முயன்றபோது அது விரலிலிருந்து நழுவி விழுந்து உடைந்தது. எங்களுக்குப் பாடம் எடுத்த டியூட்டர் அம்மா கண்டிப்பானவர். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் உடைந்ததைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தார். அரை மணி நேரத்தில் ஆட்டோவில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்.

வெளிநோயாளிகள் வரிசையில் மர பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். என்னைத் தவிர எல்லோரும் யாராவது ஒருவர் தோளில் சாய்ந்திருந்தார்கள். டியூட்டர் அம்மா சீட்டு வாங்கப் போயிருந்தார். பெஞ்சில் சாய்வு இல்லை. முதுகு தாங்காமல் மெதுவாகச் சரிந்தேன். பக்கத்திலிருந்தவர் நான் தூங்குகிறேன் என்று நினைத்து நகர்ந்து இடம் விட்டார்.

டாக்டர் இளைஞர். ரப்பர் சுத்தியலால் முழங்காலுக்குக் கீழே தட்டினார். கால் எகிற வேண்டும். எகிறவில்லை. மறுபடி தட்டினார், அப்போதும் இல்லை.

"ரெண்டு வாரத்துக்கு முன்னாடி பேதி, ஜுரம் ஏதாவது வந்துச்சா?"

வந்திருந்தது. ஹாஸ்டலில் எல்லோருக்கும் வந்தது. எல்லோருக்கும் போய்விட்டது.

முதுகுத்தண்டின் அடிப்பக்கம் ஊசி போட்டு, தண்டுவடத்தைச் சுற்றியிருக்கும் நீரில் சில சொட்டுகள் எடுத்தார்கள். வயிற்றோடு முழங்காலை மடக்கி, இறால் மாதிரி சுருண்டு படுக்க வேண்டும். எனக்கு மடக்க முடியாததால் இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். அந்த நீரில் புரதம் கூடுதலாக இருந்தது. நோயின் பெயர் கில்லன் பாரி என்றார்கள். டாக்டர் எனக்கு விளக்கினார். மின்கம்பிக்கு மேல் ரப்பர் உறை இருப்பதைப் போல நரம்புக்கும் ஓர் உறை உண்டு. கிருமியை விரட்டக் கிளம்பிய நம் உடம்பின் எதிர்ப்பு சக்தி, ஆள் தெரியாமல் அந்த உறையையே தாக்கிவிடும். கம்பி இருக்கும், சேதி போகாது. காலில் தொடங்கி மேலே ஏறும். ஓர் இடத்தில் நிற்கும். பிறகு மெல்ல இறங்கும். பெரும்பாலானோர் எழுந்து நடந்துவிடுவார்கள்.

"எது வரைக்கும் ஏறும் சார்?" என்று கேட்டேன்.

"அதைத்தான் பாத்துக்கிட்டு இருக்கணும்மா."

பார்ப்பதற்கு ஒரு வழி வைத்திருந்தார். மூச்சை நன்றாக உள்ளே இழுத்து, அந்த ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ண வேண்டும். எது வரை போகிறதோ அதைக் குறித்துக்கொள்வார்கள். நெஞ்சுத் தசை சோர்ந்துகொண்டே வந்தால் எண்ணிக்கை குறையும். ரொம்பக் குறைந்தால் தொண்டையில் குழாய் போட்டு மெஷின் மூச்சில் வைக்க வேண்டியிருக்கும். முதல் நாள் முப்பத்தொன்று வரை எண்ணினேன்.

நர்ஸ் மேசைக்கு நேர் எதிரே இருந்த கட்டிலை எனக்குக் கொடுத்தார்கள். மற்றவர்கள் அதை நல்ல இடம் என்று நினைத்திருப்பார்கள். ஏழு மாதம் வார்டில் நின்ற எனக்குத் தெரியும். எந்த வார்டிலும் மேசைக்கு எதிரே இருப்பது பயப்பட வேண்டியவருக்கான கட்டில். கொஞ்சம் படித்திருப்பதில் இந்தக் கஷ்டம் உண்டு. அட்டையில் எழுதுவதைத் தலைகீழாகவே படிக்கத் தெரியும். நாடியைப் பிடித்தவர் முகம் மாறாமல் இருக்க எவ்வளவு முயல்கிறார் என்பதும் தெரியும்.

மறுநாள் இருபத்துநான்கு. அதற்கு மறுநாள் பதினேழு.

அத்தாவுக்கு நான் சொல்லியனுப்பவில்லை. செல்வி பூத்திலிருந்து, கடைக்குப் பக்கத்து மளிகைக்கடைக்கு போன் செய்து சொல்லியிருக்கிறாள். மூன்றாம் நாள் சாயந்திரம் வந்தார். பெண்கள் வார்டு; நான்கிலிருந்து ஆறு மணி வரைதான் ஆண்களை விடுவார்கள். திருக்கழுக்குன்றம் வழியாக பஸ் பிடித்து வந்தவர், கட்டிலின் கால்மாட்டில் நின்றார். கையில் ஹார்லிக்ஸ் பாட்டில். என்னைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், மின்விசிறியைப் பார்த்தார். ஆறு மணிக்கு மணியடித்ததும் பாட்டிலை வைத்துவிட்டுப் போனார். அடுத்த நாளும் வந்து அதே இடத்தில் நின்றார்.

ஒருநாள் விட்டு ஒருநாள் என் இரத்தத்தை எடுத்து, அதிலிருக்கும் மஞ்சள் நீரை மட்டும் நீக்கிவிட்டு, மிச்சத்தைத் திருப்பி ஏற்றினார்கள். தாக்குகிற பொருள் அந்த நீரில்தான் இருக்கிறதாம். நான்கு முறை செய்தார்கள். அந்த நாட்களில் கை முழுவதும் போய்விட்டது. முகமும் சோர்ந்தது. உதடு குவியவில்லை. இமை முழுதாக மூடவில்லை. தூங்கும்போதும் கண் பாதி திறந்திருக்கும் என்பதால் மருந்து விட்டு பிளாஸ்டர் ஒட்டுவார்கள். பேச்சு குழறி, பிறகு முனகலானது. எண்ணுவதை மட்டும் விடவில்லை. டாக்டர் என் வாயருகே காதை வைத்துக் கேட்பார். பதினான்கு. பிறகு பன்னிரண்டு.

இந்த நோயில் அறிவுக்கு ஒன்றும் ஆகாது. காது கேட்கும், தொட்டால் தெரியும், எல்லாம் புரியும். ஆனால் முகம் அசையாத ஒருத்தியிடம் யாரும் பேசுவதில்லை. கட்டிலுக்கு மேலாகப் பேசுவார்கள். "இது பொழைக்குமா சிஸ்டர்?" என்று பக்கத்துக் கட்டிலுக்கு வந்தவர்கள் என் தலைக்கு மேலேயே கேட்டார்கள். செல்வி முதலில் அடிக்கடி வந்தாள். என் முகம் இப்படி ஆன பிறகு வந்த அன்று, என் பையையும் நோட்டையும் அலமாரியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். பிறகு வரவில்லை. அவள்மேல் எனக்கு இப்போது கோபம் இல்லை. அப்போது இருந்தது.

எல்லோரும் இரவுதான் கொடுமை என்பார்கள். எனக்கு மத்தியானம். காலையில் டாக்டர், ஊசி, பெருக்குகிறவர் என்று ஆள் நடமாட்டம் இருக்கும். சாயந்திரம் பார்க்க வருகிறவர்கள். மத்தியானம் இரண்டிலிருந்து நான்கு வரை வார்டே சோறு தின்று படுத்துவிடும். ஒருநாள் அந்த நேரத்துக்குச் சற்று முன்னால் ஆயாம்மா வந்து, வேலை அவசரத்தில் என்னை வேகமாகப் புரட்டிவிட்டுப் போனார். என் இடது கை முதுகுக்கு அடியில் மாட்டிக்கொண்டது. எலும்பில் எலும்பு அழுத்தியது. கத்தினேன். கத்தியதாக நினைத்தேன், வெளியே வந்தது காற்று. எதிரே மேசையில் நர்ஸ் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். நாலைந்து தப்படி தூரம். என் கண் அவர் தலை உச்சியிலேயே இருந்தது. அவர் நிமிரவில்லை.

அப்போது எனக்கு நர்சிங் ஹோமின் ஆறாம் நம்பர் கட்டில் நினைவுக்கு வந்தது. பக்கவாதம் வந்த ஒரு ரிட்டயர்டு வாத்தியார். பேச்சு கிடையாது. ஏழு மாதம் நானும் செல்வியும் அவரைப் புரட்டியிருக்கிறோம், துடைத்திருக்கிறோம். புரட்டும்போது நாங்கள் இருவரும் எங்களுக்குள் பேசிக்கொள்வோம். ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றி, தைக்கக் கொடுத்த பிளவுசைப் பற்றி. அவரிடம் நான் ஒருநாளும் ஒரு சொல் பேசியதில்லை. அவர் கண் எங்கள் பின்னாலேயே வரும். அதை நான் பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டு விளக்கை அணைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

நான்கு மணிக்கு அத்தா வந்தார். வழக்கம்போலக் கால்மாட்டில் நின்றார். என் கண்ணிலிருந்து நீர் வழிவதைப் பார்த்தார். கண் மூடாததால் எப்போதும் நீர் வழியும். அதனால் அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை. கொஞ்சம் கழித்து என்ன தோன்றியதோ, போர்வையை லேசாகத் தூக்கிப் பார்த்தார். கையைக் கண்டார். எடுக்கத் தெரியவில்லை. நர்சைக் கூப்பிட்டு எடுத்துவிடச் செய்தார். முழங்கைக்குக் கீழே கன்றிப்போய் நீலமாக இருந்தது. அத்தா அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

பிறகு அலமாரியிலிருந்த என் பயிற்சி நோட்டை எடுத்தார். ஏன் எடுத்தார் என்று தெரியாது, கையில் அகப்பட்டிருக்கலாம். வார்டு ஜன்னல் ஓரம் நின்று ஆறு மணி வரை அதைப் படித்தார். மணி அடித்ததும் நோட்டைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

அடுத்த நாள் நான்கு மணிக்கு முன்பே வாசலில் அவர் குரல் கேட்டது. நர்சிடம் ஏதோ கெஞ்சிக்கொண்டிருந்தார். சாப்பாட்டு வேளைகளிலும் அவரை உள்ளே விட அன்றுதான் ஒப்புக்கொண்டார்கள் என்று பிற்பாடு தெரிந்தது. உள்ளே வந்தார். கை கழுவினார். நோட்டை என் தலையணைக்குப் பக்கத்தில் விரித்து வைத்தார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, சிறுபிள்ளை பாடம் வாசிப்பதைப் போல மெதுவாக வாசித்தார்.

"நோயாளிக்கு நினைவு இல்லாவிட்டாலும், செய்யப்போவதை முதலில் அவரிடம் சொல்ல வேண்டும்."

டியூட்டர் அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதியது. எழுதினேனே தவிர ஒருநாளும் செய்ததில்லை.

அத்தா கண்ணாடியைக் கழற்றினார். என் முகத்துக்கு நேரே குனிந்தார்.

"ஜரீனா. இப்ப ஒன்ன செவுத்துப் பக்கமா திருப்பப் போறேன். கைய மொதல்ல எடுத்து நெஞ்சு மேல வெக்கிறேன். வலிச்சா கண்ண மேல காட்டு."

ஏழு மாதங்களுக்குப் பிறகு அவர் என்னிடம் பேசியது அதுதான். என்னால் பதில் பேச முடியாத நேரம் பார்த்துப் பேசினார்.

அதிலிருந்து தினமும் காலை பஸ்ஸில் வந்து மாலை பஸ்ஸில் போனார். கடை பூட்டியே கிடந்தது. கஞ்சியைச் சின்ன ஸ்பூனில் கன்னத்து ஓரமாக விட்டு, முழுங்கினேனா என்று தொண்டையைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வாய். ஒவ்வொரு விரலாக மடக்கி நீட்டுவார். பாத்திரத்தில் எழுத்து வெட்டுகிற கை, நடுங்காது. செய்வதை எல்லாம் சொல்லிக்கொண்டே செய்தார். வேறு எதுவும் பேசவில்லை. அம்மாவைப் பற்றியோ, என் கல்யாணத்தைப் பற்றியோ, பயிற்சியைப் பற்றியோ ஒரு சொல் இல்லை. "இப்ப கால மடக்குறேன்." "இப்ப கண்ணுக்கு மருந்து." அவ்வளவுதான்.

ஒரு மத்தியானம் அவர் இருக்கும்போதே எனக்குப் படுக்கையில் போய்விட்டது. ஆயாம்மா வேறு வார்டுக்குப் போயிருந்தார். நாற்றம் அத்தாவுக்குத் தெரிந்தது. அவருக்குத் தெரிந்துவிட்டது என்பது எனக்கும் தெரிந்தது. செத்துப்போகலாம் என்று இருந்தது. பன்னிரண்டு வரை எண்ணிய மூச்சையும் அங்கேயே நிறுத்திவிடலாம் என்று தோன்றியது. அவர் எழுந்து ஸ்க்ரீனை இழுத்துக் கட்டிலைச் சுற்றி நிறுத்தினார். பக்கத்துக் கட்டிலில் மகளோடு இருந்த செய்யூர் பச்சையம்மாளிடம் போய், "எம்மா, கொஞ்சம் வர்றியா. நானு அப்பன், அதனால கேக்கறேன்" என்றார். அந்த அம்மாள் மறுபேச்சு இல்லாமல் வந்தார். அத்தா ஸ்க்ரீனுக்கு அந்தப் பக்கம் நின்று நோட்டைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சொன்னார். தோளைப் பிடி, இடுப்பைப் பிடி, துணியைப் பாதி சுருட்டி உள்ளே தள்ளு, இந்தப் பக்கம் திருப்பு. பச்சையம்மாள் செய்தார்.

முடிந்ததும், அழுக்குத் துணியையும் பேசினையும் அவர் கையிலிருந்து அத்தா வாங்கிக்கொண்டார். "ஐயே, குடுங்க, நான் போடறேன்" என்றார் பச்சையம்மாள். அத்தா கொடுக்கவில்லை. வெள்ளைச் சட்டை, தொப்பி, கையில் அந்தப் பேசின். இரண்டு வரிசைக் கட்டில்களுக்கும் நடுவே, எல்லோரும் பார்க்க, வார்டின் கோடியிலிருந்த கழிவறை வரை நடந்துபோனார். குழாய்ச் சத்தம் நெடுநேரம் கேட்டது.

எண்ணிக்கை பன்னிரண்டிலேயே ஆறு நாள் நின்றது. ஏழாம் நாள் பதினைந்து. டாக்டர் அட்டையில் எழுதிவிட்டு என் தோளைத் தட்டினார். ஐந்தாவது வாரம் வலது கை சுண்டுவிரல் அசைந்தது. எட்டாவது வாரம் தலையணை வைத்து உட்கார வைத்தார்கள். இமை மூடிய அன்று, வெளிச்சம் முழுவதும் மறைந்த அந்த இருட்டை நான் எவ்வளவு நேரம் அனுபவித்தேன் என்று சொன்னால் யாருக்கும் புரியாது. பிசியோதெரபியில் இணைக்கம்பிகளுக்கு நடுவே நான்கு அடி நடந்த பிறகு, மூன்றாவது மாதக் கடைசியில் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

இனி நான் எழுதப்போவதை யாரும் எதிர்பார்க்கமாட்டார்கள். நானும் எதிர்பார்க்கவில்லை. நான் நடக்க நடக்க அத்தாவின் பேச்சு குறைந்தது. சுவரைப் பிடிக்காமல் சமையலறை வரை போன நாளில் இரண்டு சொல் பேசினார். சதுரங்கப்பட்டினத்துக் கடற்கரை மணலில் நடந்து பழகச் சொன்னார்கள். கூட வருவார், பத்தடி முன்னால் போவார், திரும்பிப் பார்த்து நிற்பார். நானே தட்டைக் கழுவி வைக்கத் தொடங்கிய பிறகு, ரேடியோ மறுபடி அடுத்த அறையில் பாடியது. உடம்பு தேறியதற்கு நன்றி சொல்ல வேண்டிய நேரத்தில், அந்த வார்டையே நினைத்து ஏங்கினேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் உண்மை அது.

ஒன்பது மாதம் கழித்து நர்சிங் ஹோமுக்குப் போனேன். இடது பாதம் இன்னும் முழுதாகத் தூக்க வராது. நடந்தால் செருப்பு தேயும். ஆள் தூக்குகிற வேலைக்கு இந்தக் கால் உதவாது என்று நிர்வாகி சொன்னார். டியூட்டர் அம்மா, பரீட்சையாவது எழுதட்டும் என்று வாதாடி அடுத்த செட்டில் சேர்த்தார். முதல் நாளே ஆறாம் நம்பர் கட்டிலுக்குப் போனேன். வேறு யாரோ படுத்திருந்தார். வாத்தியார் நான் ஆஸ்பத்திரியில் இருந்தபோதே இறந்துவிட்டாராம். என்ன சொல்லலாம் என்று பஸ்ஸில் வரும்போது யோசித்து வைத்திருந்தேன். அதை யாரிடமும் சொல்லவில்லை.

பரீட்சையில் தேறினேன். சான்றிதழ் வந்தது. எந்த ஆஸ்பத்திரியும் வேலை தரவில்லை. காலைப் பார்த்ததும், தகவல் சொல்லி அனுப்புகிறோம் என்பார்கள். சான்றிதழை அலமாரியில் வைத்தேன். அத்தா அதைப் பார்த்தாரா என்று தெரியாது.

ஒரு சாயந்திரம் கடையில் அவருக்கு டீ கொடுக்கப் போயிருந்தேன். கல்பாக்கம் டவுன்ஷிப்பில் வேலை பார்க்கும் ஒருவர் வந்திருந்தார், தெரிந்த வாடிக்கையாளர். அவருடைய அம்மா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுத்துவிட்டாராம். மனைவியும் வேலைக்குப் போகிறவர். பகலில் பார்த்துக்கொள்ள யாராவது வீட்டு வேலைக்காரி கிடைப்பாளா என்று கேட்டார்.

அத்தா பெயர் வெட்டுகிற மெஷினை நிறுத்தினார்.

"வேலக்காரி எதுக்கு சார்? எம்பொண்ணு நர்சிங் அசிஸ்டென்ட். படிச்சி பாஸ் பண்ணிக்கீது." பிறகு என்னைப் பார்த்தார். "போறியாம்மா?"

போகிறேன் என்றேன்.

மறுநாள் காலை நான் எழுவதற்கு முன்பே அத்தா எழுந்திருந்தார். பயிற்சிக்குக் கட்டிய என் வெள்ளைப் புடவை இஸ்திரி போட்டு நாற்காலியில் மடித்து வைக்கப்பட்டிருந்தது. அறை வாசலில் நின்று கதவைத் தட்டினார்.

"ஜரீனா, எழுந்துரு. டூட்டிக்கு நேரமாவுது" என்றார்.